குடுவைக்குள் வர மறுக்கும் கிருமி

சென்ற வாரம் செட்ஸி ஈயின் வயிற்றில் விட்டுவிட்டு வந்த ட்ரிப்பனோசோமை, அதாவது தூக்க நோய் ஒட்டுண்ணியை, இந்த வாரம் கண்ணாடிக் குடுவைக்குள் கொண்டுவர வேண்டும். பெரும்பாடு அதில்தான்.

1904-லேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோவியும் மெக்நீலும் முயல் ரத்தம் கலந்த அகாரில் ட்ரிப்பனோசோமா புரூசியை வளர்த்துவிட்டார்கள். ஆனால் அங்கே பெருகியது ஈயின் குடலில் வாழும் வடிவம். ரத்தத்தில் நீந்தும் வடிவம், நம் உடம்புச் சூட்டில், வளர மாட்டேன் என்றது. அதைப் பணியவைக்க 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நைரோபியின் கால்நடை நோய் ஆய்வகத்தில் ஹிரோயுகி ஹிருமியும் சகாக்களும் குடுவையின் அடியில் மாட்டுச் செல்களை ஒரு படுகையாக வளர்த்து, அதன்மேல் ஒட்டுண்ணியை விட்டார்கள். வளர்ந்தது.

மாட்டுச் செல் அப்படி என்ன கொடுத்தது? சிஸ்டீன். இந்த அமினோ அமிலம் திரவத்தில் கிடந்தால் காற்றுப் பட்டு இரண்டிரண்டாக ஒட்டிச் சிஸ்டைனாகிவிடும். ரத்தவடிவ ஒட்டுண்ணிக்கு அது உதவாது. பக்கத்தில் உயிருள்ள செல் இருந்தால் அதை மறுபடி சிஸ்டீனாக்கித் தரும். இது பிடிபட்டதும், அந்த வேலையை மெர்காப்டோஎத்தனால் என்ற நாற்றம் பிடித்த ரசாயனத்திடம் ஒப்படைத்தார்கள். 1989-இல் ஹிருமி தம்முடைய எச்எம்ஐ-9 என்ற வளர்ப்பு ஊடகத்தை வெளியிட்டார். மாட்டுச் செல்லுக்கு ஓய்வு.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இந்த ஊடகத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் லிஸ்டர் 427 போன்ற ரகங்கள் கால்நடைக் கிருமியின் வாரிசுகள். மனித சீரம் பட்டாலே செத்துப்போகும். மனிதருக்குத் தூக்க நோய் தருவதில் பெரும்பங்கு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் கேம்பியென்சே என்ற உறவுக்காரனுக்கு. அவன் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு நூறுகூடத் தேறாமல் பதுங்கியிருப்பான். சாதாரண ஆய்வக எலிக்கு ஏற்றினாலும் பெரும்பாலும் பற்றாது. நாம் நன்றாக அறிந்தது நம்மைக் கொல்லாத கிருமியை. கொல்வதைப் பற்றி அறிந்தது குறைவு. இந்தத் துறையின் பெரிய சங்கடம் இதுதான் என்பேன்.

1990-களில் கிராமத்துக்கே எடுத்துப்போகும் வளர்ப்புப் புட்டி வந்தது. நோயாளியின் ரத்தத்தை அதில் விட்டால் சில வாரங்களில் ஒட்டுண்ணி தலைகாட்டும். ஆனால் ஈ வடிவத்தில். ரத்தவடிவத்தைக் கொல்லும் மருந்தை அதில் நேரடியாகச் சோதிக்க முடியுமா?

காங்கோவின் வைர நகரம் முபுஜி-மாயியில் மெலார்சோப்ரோல் என்ற மருந்தைப் போட்டும் நோய் திரும்பியவர்கள் அதிகம். அந்தக் கிருமியைக் கைப்பற்ற ஆய்வாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். நோயாளிகளின் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் ஆப்பிரிக்கப் புதர் எலிகளுக்கு ஏற்றினார்கள். கிடைத்ததை உறையவைத்த திரவம் எது தெரியுமா? சினை ஊசிக்காகக் காளை விந்தைப் பாதுகாக்கும் அதே கரைசல்! பிறகு சுண்டெலிக்குப் பழக்கி, கடைசியில்தான் குடுவை. அங்கேயும் மனித சீரமும், திரவத்தைக் கெட்டியாக்கும் மெத்தில்செல்லுலோஸும் சேர்த்த பிறகே வளர்ந்தது.

1998-இல் நாற்பதாயிரத்தை நெருங்கிய தூக்க நோயாளிகள் 2018-இல் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். நல்ல சேதி. ஆனால் புதிதாகக் கிருமி பிடிக்க இனி ஆள் கிடைப்பது அரிது. உறைந்த கிருமிகளோடு திரவ நைட்ரஜனில் கிடக்கும் சிறு குழாய்களை யாரும் இடமில்லை என்று தூக்கியெறியக் கூடாது.

மெலார்சோப்ரோல் ஆர்சனிக் கலந்த மருந்து. போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை அதுவே கொன்றது. அந்தக் கதை அடுத்த வாரம்.