சோம்பேறி என்று திட்டாதீர்கள்!

அமீர்பேட்டில் குடியிருக்கும் தமிழ் நண்பர் ஒருவர், தம் மனைவியை ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மாளுக்குக் காலையில் எழ முடியவில்லை. சாப்பாடு குறைந்தும் உடம்பு பருத்தது. தலைமுடி கொட்டியது. ஐதராபாத் வெயிலிலும் குளிருகிறது என்று போர்த்திக்கொண்டார். ஊரிலிருந்து வந்த மாமியாரும் "சோம்பேறி" என்று பட்டம் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசியில் டாக்டரிடம் போனார்கள். அவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். முடிவு வந்தது. சோம்பல் அல்ல, கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை!

குழாய் இல்லாத சுரப்பிகள்

வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. குழாய் இல்லாத சுரப்பிகளும் நம் உடம்பில் இருக்கின்றன. அவை தாம் சுரப்பதை நேராக ரத்தத்தில் விடுகின்றன. அதற்குத்தான் "ஹார்மோன்" என்று பெயர். 1905-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்டார்லிங் இந்தச் சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

கணையம் இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல், பயம் வந்தால் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது.

தைராய்டு, குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கிறது. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாவற்றுக்கும் இதன் ஹார்மோன் தேவை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸ் மாதிரி. தைராய்டு மந்தமானால், அங்கிருந்து வரும் உத்தரவு அதிகமாகும். அந்த உத்தரவை அளப்பதுதான் "டி.எஸ்.எச்." பரிசோதனை.

குன்னூரில் இருந்து வந்தது

தைராய்டு ஹார்மோன் உண்டாக அயோடின் தேவை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை வீங்கும். கர்ப்பிணிக்குக் கிடைக்காவிட்டால் பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும்.

அமீர்பேட்டில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் தார்நாக்காவில் இறங்கினால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்குப் போகலாம். இது நம் குன்னூரில் 1918-ல் தொடங்கி, 1958-ல் ஐதராபாத்துக்கு வந்தது. தொடங்கிய மெக்கரிசன், அதற்கு முன்பு கில்கித் மலைநாட்டில் கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர். அயோடினும் இரும்புச் சத்தும் சேர்ந்த உப்பை உருவாக்கியது இந்த நிறுவனமே.

குன்னூரில் பணியாற்றிய ஸ்ரீகாகுளத்துக்காரர் டாக்டர் ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும், 1956-ல் இமயமலை அடிவாரத்து காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கழலை நோய் பாதிக்கு மேல் குறைந்தது. 1962-ல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

கவனிக்க வேண்டியவை

உப்புப் பாக்கெட்டில் "சிரிக்கும் சூரியன்" படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டப்பாவை மூடி வையுங்கள். சமையல் முடியும்போது உப்புப் போடுவது நல்லது.

ஆனால் உப்பு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதும் உண்டு. இது பெண்களுக்கே அதிகம் வருகிறது. அதற்கு மாத்திரைதான் வழி. உடம்பு தேறிவிட்டது என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பிறந்த குழந்தைக்கும் சில நாளில் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். குறை இருந்தால், முதல் இரண்டு வாரத்தில் மருந்து தொடங்கினால் மூளை பிழைக்கும். தாமதித்தால் இழந்ததைத் திரும்பப் பெறுவது கடினம்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். அமீர்பேட் நண்பர் இப்போது வீட்டில் முதலில் எழுகிறார். மனைவிக்குத் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுக்கிறார். அரை மணி கழித்துக் காபி போடுவதும் அவர்தான்!