காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு: நடுவில் நிற்கும் நர்ஸ்

ஆபரேஷன் என்றால் நாம் முதலில் கேட்பது, "எந்த டாக்டர் பண்ணாரு?" என்றுதான். "மயக்கம் தெளியும்போது பக்கத்தில் யார் இருந்தாங்க?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, இரண்டாவது கேள்வியும் முதல் கேள்வி அளவுக்கு முக்கியம் என்று புரிகிறது.

மயக்கம் தெளியும் நேரம் ஆபத்தானது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலை அடைக்கலாம். வலி மருந்தின் வேகத்தில் மூச்சு மெலிந்துபோகலாம். உள்ளே ரத்தம் கசியலாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மருத்துவர் குழு 11 வருடக் கணக்கை ஆராய்ந்து 1947-இல் அறிக்கை வெளியிட்டது. ஆபரேஷன் முடிந்த முதல் 24 மணி நேரத்தில் நடந்த மரணங்களில் ஏறக்குறைய பாதி தடுத்திருக்கக்கூடியவை என்றது அது. ரிக்கவரி ரூம் பரவலாக வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். ஆபரேஷன் தியேட்டரை ஒட்டி இப்படி ஒரு சிறு அறை சில மருத்துவமனைகளில் இருப்பதை பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-லேயே எழுதியிருக்கிறார்.

சரி, அங்கே நர்ஸ் என்னதான் பார்க்கிறார்? 1970-இல் ஆல்ட்ரீட் என்ற மயக்க மருத்துவர் ஒரு மார்க் முறை கொடுத்தார். கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, தோல் நிறம் என்று ஐந்து பாடம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். மொத்தம் 10-க்கு 9 எடுத்தால்தான் அந்த அறையை விட்டு வெளியே அனுப்பலாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் நிறத்தை வைத்து ஆக்சிஜன் குறைவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பிற்பாடு 1995-இல் நிறத்துக்குப் பதில், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவைச் சேர்த்தார்கள்.

அறையை விட்டு வெளியே வருவது வேறு, வீட்டுக்குப் போவது வேறு. டே கேர் சர்ஜரியில் வீட்டுக்கு அனுப்ப இன்னொரு மார்க் பட்டியல் உண்டு. டொராண்டோவின் பிரான்சஸ் சங் குழுவினர் உருவாக்கியது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் சீராக இருக்கிறதா, நடக்கிறாரா, வாந்தி, வலி, ரத்தக்கசிவு எப்படி என்று பார்ப்பார்கள். இங்கேயும் 9 வேண்டும்.

இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் கண்புரை ஆபரேஷன். தட்டாஞ்சாவடியிலிருந்து கிளம்பி ஊரைத் தாண்டி கடலூர் சாலையில் போனால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, 2003-இல் தொடங்கியது. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்த அமைப்பின் கிளை. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் கண் மருத்துவத்துக்கென்றே பயிற்சி கொடுக்கிறார்கள். ஆபரேஷனுக்குத் தயார் செய்வதும், டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பதும், நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கம் சொல்வதும் பெரும்பாலும் இவர்கள்தான். டாக்டர் ஆபரேஷனில் மட்டும் கவனம் வைக்க முடிவது இதனால்தான்.

இந்த யோசனையே பழசுதான். கிளாஸ்கோவில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற சர்ஜன், குழந்தைகளுக்குச் செய்த 8,988 ஆபரேஷன்களின் கணக்கை 1909-இல் வெளியிட்டார். எல்லாமே புறநோயாளிப் பிரிவில் செய்தவை. குழந்தைகளை அன்றைக்கே தாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒன்றை அவர் விடவில்லை: நர்ஸ்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

இந்த இரண்டாவது பாதி நம்மிடம் பெரும்பாலும் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால் நர்ஸ் வேலை குறைந்துவிடாது. அது வீட்டில் இருக்கும் அம்மா தலையிலோ, மனைவி தலையிலோ, மகள் தலையிலோ விழுகிறது. ராத்திரி கட்டு நனைந்தால் அது சாதாரணமா, ஆபத்தா என்று அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்தில் சிஸ்டர் பேசும் அந்தப் பத்து நிமிஷம் அவர்களுக்கான பயிற்சி. நாமோ அப்போது பில் கவுன்டரில் நிற்போம், இல்லாவிட்டால் ஆட்டோ தேடிக்கொண்டிருப்போம்.

ராத்திரி கூட இருக்கப்போகிறவர் யாரோ, அவரே அங்கே நின்று நாலு கேள்வி கேட்கட்டும். எது சாதாரணம்? எது வந்தால் உடனே திரும்ப வரணும்? எந்த மாத்திரை எப்போது? நடுராத்திரியில் எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? பதிலைக் கேட்டுக்கொண்டால் போதாது, சிஸ்டரிடமே ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.