ஹெட்போனில் 'கொய்ங்' சத்தம்... கோளாறு ரேடியோவிலா, எர்த்திலா? வீட்டில் கட்டும் விமானங்களின் வயரிங் கதை!

ஆடித்தபசு சமயத்தில் சங்கரன்கோவில் ரத வீதிகளில் நடந்திருந்தால், இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். கரன்ட் போகும். ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கும். மைக் செட்டில் பாட்டுக்கு அடியில் 'ங்ங்ங்...' என்று ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும். செட்டுக்காரர் வந்து ஒரு ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டுவார். ரீங்காரம் போயே போச்சு. "எர்த்து சரியில்ல அண்ணாச்சி" என்று ஒரே வரியில் விளக்கத்தையும் முடித்துவிடுவார்.

காரில் புதிதாக ஸ்டீரியோ மாட்டியவர்களுக்கும் இது தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'கொய்ய்ங்' என்று சுருதி ஏறும். பாட்டுதானே, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஆனால், அதே 'கொய்ங்' மூவாயிரம் அடி உயரத்தில், தரையிலிருந்து பேசும் கன்ட்ரோலரின் குரலுக்கு மேல் உட்கார்ந்துகொண்டால்? சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதோடுதான்.

"வீட்டுல விமானம் கட்டுறாங்களா?" என்று கேட்கிறீர்களா? கட்டுகிறார்கள். இறக்கை, உடல் எல்லாம் கிட்டாக வரும். வாங்கி ஷெட்டில் வைத்துப் பூட்டுவார்கள். சிலர் முழுக்கவே தாங்களே செய்வார்கள். அமெரிக்காவில் இப்படி ஆயிரக்கணக்கான விமானங்கள் பறக்கின்றன. ஆலப்புழாவைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன், பிரிட்டனில் லாக்டவுன் காலத்தில் நான்கு பேர் அமரும் ஸ்லிங் கிட் விமானத்தைக் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். மும்பையில் பைலட் அமோல் யாதவ், அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். அதற்குப் பதிவு எண் கிடைத்தது 2017-ல்.

நமக்கு இன்னும் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. கேரளத்துத் தொடுபுழா பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ், காது கேளாத, வாய் பேச முடியாத மனிதர். பள்ளிப்படிப்பை முடிக்காதவர். அவர் கட்டிய குட்டி விமானம் பறந்தது நம்ம மணிமுத்தாறில்தான்! சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஊர். அவர் வாழ்க்கையை வைத்துத்தான் 2017-ல் பிருத்விராஜ் நடித்த 'விமானம்' படம் வந்தது.

இன்ஜின், இறக்கை பற்றியெல்லாம் நிறையப் பேசுவார்கள். வயரிங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால், கட்டுபவரின் பொறுமையைச் சோதிப்பது அதுதான்.

அந்தக் காலத்து ரேடியோ குணம்

திருநெல்வேலி வானொலியை மீடியம் வேவில் கேட்டு வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் அடுக்களையில் மிக்ஸி ஓடினால் ரேடியோ 'கர்ர்ர்' என்று கத்தியது ஞாபகம் இருக்கும். எஃப்.எம்.மில் அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. காரணம், மீடியம் வேவ் ஏ.எம். முறை. அலையின் உயரம் கூடிக் குறைவதில்தான் குரல் ஒளிந்திருக்கும். பக்கத்தில் ஒரு தீப்பொறி பறந்தால் அதுவும் உயரத்தைத்தான் மாற்றும். ரேடியோவுக்குக் குரல் எது, பொறி எது என்று தெரியாது.

விமானங்கள் பேசிக்கொள்ளும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை, எஃப்.எம். நிலையங்களுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. ஆனாலும் அங்கே இன்றும் ஏ.எம்.தான். இதற்கு நியாயம் இருக்கிறது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாமல் போகலாம். ஏ.எம்.மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி வரும். "யாரோ குறுக்கே பேசுறாங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்க அதுவே போதும். இந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலைதான் இரைச்சல். சில அடி தூரத்தில் ஸ்பார்க் ப்ளக்குகள் நொடிக்குப் பல முறை பொறி விடுகிற ஒரு பெட்டிக்குள் அல்லவா அந்த ரேடியோ உட்கார்ந்திருக்கிறது!

'கொய்ங்' எங்கிருந்து வருகிறது?

மெக்கானிக் ஷாப்பில் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டர்தான் முதல் குற்றவாளி. உள்ளே உற்பத்தியாவது ஏ.சி. அதை டையோடுகள் டி.சி.யாக மாற்றுகின்றன. ஆனால், மழமழவென்று ஆகாது. மேடு பள்ளம் கொஞ்சம் மிச்சமிருக்கும். 12 துருவங்கள் கொண்ட கார் வகை ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 மேடுகள். அது நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 சுற்று; ஆக 3,600 மேடுகள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் ஏறக்குறைய இதே 3,000 – 4,000 ஹெர்ட்ஸ்தான். அதனால்தான் அந்தச் சத்தம் அப்படிப் பல்லைக் கூசவைக்கிறது. இன்ஜின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கினால் ஆள் இவர்தான் என்று முடிவு கட்டலாம். பொறுக்கக்கூடிய அளவில் இருந்த 'கொய்ங்' திடீரென்று ஒருநாள் தடித்துக் கரகரத்தால், ஒரு டையோடு போயிருக்க வாய்ப்பு உண்டு. பேட்டரி சார்ஜ் ஆகாமல் நிற்பதற்கு முன்பே காது சொல்லிவிடும்.

அப்படியானால் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடலாமா? இங்கேதான் பலரும் காசை இழக்கிறார்கள். கடையில் ஒரு 'நாய்ஸ் ஃபில்டர்' வாங்கி மாட்டுவார்கள். சத்தம் பாதி குறையும். இன்னொன்று மாட்டுவார்கள். என்னைக் கேட்டால், ஃபில்டர் கடைசியாக எடுக்க வேண்டிய மருந்து. முதலில் பார்க்க வேண்டியது, கரன்ட் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்பதைத்தான்.

பாசிட்டிவ் ஒயரை எல்லோரும் கவனமாக இழுப்பார்கள். நெகட்டிவ் என்று வரும்போது, "பாடியில எர்த் குடுத்துருப்பா" என்று பக்கத்தில் இருக்கும் போல்ட்டில் முடுக்கிவிடுவார்கள். இறக்கை முனையில் மினுக்கும் ஸ்ட்ரோப் விளக்குக்கு 5 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பேட்டரிக்குத் திரும்பும் வழியில் துருவோ பெயின்ட்டோ படிந்த ஒரு இணைப்பு. அதன் தடை வெறும் 0.01 ஓம்தான். பெருக்கிப் பாருங்கள்: 50 மில்லிவோல்ட். மைக்கிலிருந்து வரும் குரலோ சில நூறு மில்லிவோல்ட். மைக்கின் எர்த்தும் அதே வழியில் திரும்பினால், விளக்கு மினுக்கும்போதெல்லாம் அந்த 50 மில்லிவோல்ட் குரலோடு கலந்துவிடும். காதில் 'டிக்... டிக்...' கேட்கும். ரேடியோ மேல் எந்தத் தப்பும் இல்லை. சங்கரன்கோவில் மைக் செட்டுக்காரர் சொன்ன 'எர்த்து சரியில்ல' இதே கதைதான்.

மருந்து ரொம்ப எளிமையானது. இன்ஜினுக்கும் முன்பக்கப் பேனலுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகட்டில் ஒரே ஒரு பித்தளை போல்ட். ரேடியோ, மைக், கருவிகள் எல்லாவற்றின் நெகட்டிவும் அங்கேதான் வந்து சேர வேண்டும். பேட்டரி நெகட்டிவும் அங்கேதான். ஹெட்போன் சொருகும் ஜாக், விமானத்தின் உடலைத் தொடாதபடி ஃபைபர் வாஷர் போட வேண்டும். இல்லையென்றால் அது தானாகவே இரண்டாவது எர்த் ஆகிவிடும். இரைச்சல் பிரச்னைகளில் கணிசமானவை இந்தச் சின்ன வாஷரில் முடிகின்றன என்றால் நம்ப முடிகிறதா?

ஃபைபர் கிளாஸ் விமானம் என்றால் இன்னொரு சங்கடம். உடல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, ஒவ்வொரு விளக்குக்கும் போகும் ஒயரோடு திரும்பும் ஒயரையும் இழுத்தே ஆக வேண்டும். அந்த இரண்டையும் ஜடை போல ஒன்றையொன்று முறுக்கி இழுப்பது நல்லது. போகும் கரன்ட் உண்டாக்கும் காந்தப்புலத்தைத் திரும்பும் கரன்ட் கிட்டத்தட்ட அழித்துவிடும். தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது.

புதுக் குற்றவாளிகள்

பழைய விமானங்களில் இல்லாத தொல்லை இப்போது வந்திருக்கிறது: எல்.இ.டி. விளக்குகளும் யு.எஸ்.பி. சார்ஜர்களும். இவற்றுக்குள் இருக்கும் சர்க்யூட், மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. மலிவானவற்றில் அந்த வெட்டின் இரைச்சலை அடக்க எதுவும் இருக்காது. மலிவு சார்ஜரைச் சொருகியதும் காரில் எஃப்.எம். மங்கிப்போனால் காரணம் இதுதான்.

இரைச்சல் எரிச்சலோடு முடிந்தால் பரவாயில்லை. லூஸ் கனெக்‌ஷன் கரகரக்கும், பிறகு சூடாகும், பிறகு புகையும். ரோட்டாக்ஸ் 915 போன்ற புதிய இன்ஜின்களில் பெட்ரோல் செலுத்துவதும் பொறி விடுவதும் எலெக்ட்ரானிக்ஸ்தான். மின்சாரம் அடியோடு நின்றால் இன்ஜினும் நிற்கும். அதனால்தான் அதில் ஜெனரேட்டரும் இரண்டு, கன்ட்ரோல் சர்க்யூட்டும் இரண்டு.

வீட்டு வயரிங்குக்கு வாங்கிய பி.வி.சி. ஒயர் மிச்சம் இருக்கிறதே என்று விமானத்தில் இழுக்கவே கூடாது. எரிந்தால் அதன் புகை நச்சு; அங்கே ஜன்னலைத் திறந்து வெளியே ஓட முடியாது. 1998 செப்டம்பரில் கனடா கடற்கரைக்கு அருகே விழுந்த சுவிஸ் ஏர் 111 பெரிய பயணிகள் விமானம்தான், எல்லாச் சான்றிதழும் பெற்றதுதான். ஒயரில் பறந்த பொறியிலிருந்து பரவிய தீயில் 229 பேரின் உயிர் போனது.

சரி, இரைச்சல் வந்துவிட்டது. எப்படிப் பிடிப்பது? கட்டுபவர்கள் செய்யும் சோதனையை உங்கள் காரிலும் செய்யலாம். முதலில் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது காற்று வழியாக வந்தது. ஸ்பார்க் ப்ளக் ஒயரையும் சார்ஜரையும் சந்தேகப்படுங்கள். நிற்கவில்லையா? ரேடியோவுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுங்கள். இப்போது நின்றால், சப்ளை ஒயர் வழியாகவோ அதன் எர்த் வழியாகவோ வந்திருக்கிறது. அப்போதும் நிற்காவிட்டால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். குறையாமல் அப்படியே கேட்டால், வால்யூம் குமிழுக்கு அப்புறம், அதாவது ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் பக்கத்து எர்த்தில் நுழைகிறது. விமானத்தில் இதோடு இன்னொன்றும் உண்டு: தரையில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்விட்ச்சுகளை ஒவ்வொன்றாக ஆன் செய்து, எதைப் போட்டால் காதில் என்ன கேட்கிறது என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருக்கும், ஆகவே சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு!