ஒட்டுப் போட்ட ரியூப்

சயிக்கிள் திருத்தும் கடையில் கொஞ்சநேரம் நின்றவர்களுக்கு இது பழகிய காட்சி. கடைக்காரர் ரயரைக் கழற்றி, ரியூப்பை வெளியே இழுத்துக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்துவார். குமிழி வரும் இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, துடைத்து, உரசி, சொலூசன் பூசி ஒட்டு வைப்பார். ஒட்டுப் பிடித்ததா என்று பார்க்க மறுபடி காற்றடிப்பார். அப்போது ரியூப்பைக் கவனித்துப் பாருங்கள். அது எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி ஊதாது. ஒட்டுள்ள இடம் இறுகி நிற்க, எதிர்ப்பக்கம் விரிய, ரியூப் ஒட்டின் பக்கமாக நெளியும். ஒட்டுக்கு மேல் ஒட்டுக் கண்ட பழைய ரியூப் என்றால் நெளிவு தூரத்திலிருந்தே தெரியும்.

நாற்பது, ஐம்பது வயது தாண்டிய ஆண்கள் சிலருக்கு உடம்பில் இதே கூத்து நடக்கிறது. ஆண்குறியின் உள்ளுறையில் ஒரு தழும்பு விழுகிறது. சும்மா இருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. தடவிப் பார்த்தால் தோலுக்குக் கீழே புளியங்கொட்டைபோல ஒரு தடிப்பு அகப்படலாம். விறைக்கும்போதுதான் வினை. தழும்புள்ள பக்கம் விரிய மறுப்பதால் உறுப்பு அந்தப் பக்கம் வளைகிறது. அநேகமாக மேல்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில். சிலருக்கு நடுவே இடுப்புப்போல ஒடுங்கும். நோவும் இருக்கும், நீளமும் குறையும். இதற்குப் பெய்ரோனி நோய் என்று பெயர். நூற்றுக்கு மூன்றிலிருந்து ஒன்பது ஆண்களுக்கு இருக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

விறைப்பு என்பதே ஒரு பம் வேலை, காற்றுக்குப் பதில் இரத்தம். ஆண்குறிக்குள் நீளவாக்கில் இரண்டு உருளைகள் பக்கத்துப் பக்கமாகக் கிடக்கின்றன. உள்ளே கடற்பஞ்சு மாதிரியான திசு. வெளியே வெள்ளை நிறத்தில் உறுதியான உறை. மூளையும் நரம்பும் சைகை கொடுத்ததும் நாடிகள் தளர்ந்து, பஞ்சுக்குள் இரத்தம் பாய்கிறது. சாதாரண நிலையில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்கும் அந்த உறை, இழுபட்டு அரை மில்லிமீற்றர் அளவுக்கு மெலிகிறது. இரத்தம் வெளியேறும் நாளங்கள் பஞ்சுக்கும் உறைக்கும் நடுவே நசுங்கி மூடிக்கொள்கின்றன. வால்வு என்று தனியாக ஒன்றும் கிடையாது, உறை இழுபடுவதுதான் வால்வு. ஆகவே உறையில் தழும்பு விழுந்தால் கோணல் மட்டும் வருவதில்லை. அந்த இடத்தில் மூடல் சரியாக விழாமல் இரத்தம் கசிந்து, விறைப்பும் நிலைக்காமல் போகலாம். இந்த நோயுள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது விறைப்புக் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது.

தழும்பு ஏன் விழுகிறது? உறவின்போது உறுப்பு மடங்கி உறையில் மிகச் சிறிய கீறல் விழுவது தொடக்கமாக இருக்கலாம் என்பதுதான் இன்றைய விளக்கம். பலருக்கு அப்படியொரு சம்பவம் நினைவிலேயே இருக்காது. மற்றவர்களுக்கு ஆறிவிடுகிற கீறல், சிலருக்கு ஆறத் தொடங்கி நிறுத்தத் தெரியாமல் தழும்பாகத் திரள்கிறது. சிலருக்கு அதில் சுண்ணாம்புகூடப் படியும். வயது, புகைத்தல், பரம்பரை, சீனி வருத்தம் எல்லாம் இதற்குத் துணைபோகின்றன. உள்ளங்கையில் கயிறுபோலத் திரண்டு மோதிர விரல் மடங்கிக்கொள்ளும் டுப்புய்ட்ரென் வருத்தமும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். உறவின்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, விறைப்புச் சட்டென்று அடங்கி, கன்றிப்போய் வீங்கினால் அது வேறு கதை. உறை கிழிந்துவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பெயருக்குரியவர் பிரான்சின் மொன்ற்பெல்லியே நகரில் பிறந்த சத்திரசிகிச்சை வைத்தியர் பிரான்சுவா ஜிகோ த லா பெய்ரோனி (1678–1747), பதினைந்தாம் லூயி மன்னரின் வைத்தியர். 1743 இல் இந்த வருத்தத்தை எழுதிவைத்தார். செபமாலை மணிகள் போன்ற தடிப்புகள் என்பது அவருடைய வர்ணனை. சிகிச்சையாக அவர் சொன்னது, பிரனீஸ் மலையடியில் பரேஜ் ஊற்றுத் தண்ணீர். இலங்கையில் பிறந்திருந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அனுப்பியிருப்பார் போலும்.

இந்த நோய்க்கு இரண்டு பருவங்கள். முதலாவது, தழும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் காலம். நோ இருக்கும், வளைவு மாதத்துக்கு மாதம் மாறும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை இழுக்கலாம். பிறகு நோ பெரும்பாலும் தானாகவே போய்விடும், வளைவு ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். நோ போய்விட்டதே, இனி வளைவும் நிமிரும் என்று காத்திருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். தானாக நிமிர்வது பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அப்படியே நிற்கும், மீதிப் பேருக்குக் கூடும்.

சுவரொட்டியிலும் கைத்தொலைபேசியிலும் ஆண்மைக்குறைவு விளம்பரம் செய்கிறவர்கள் வளைவைக் கண்டால் உடனே சொல்வது 'சின்ன வயதில் கைப்பழக்கம், நரம்பு சுருங்கிவிட்டது' என்பது. இரண்டும் பொய். இது நரம்பின் வருத்தமே இல்லை. சுயஇன்பத்தால் வந்ததும் இல்லை. பால்வினை நோயோ புற்றுநோயோ கிடையாது, மனைவிக்குத் தொற்றவும் தொற்றாது. பதின்ம வயதிலிருந்தே லேசாக வளைந்திருப்பது இன்னொரு சங்கதி. அதில் தடிப்பும் இராது, நோவும் இராது. உறவுக்கு இடைஞ்சல் இல்லாதவரை அதைப் பேசாமல் விட்டுவிடலாம்.

இனி வீட்டுக்குள் வருவோம். எங்கள் வன்னிப் பக்கத்தில் ஆண்கள் இந்த விஷயத்தில் செய்வது ஒன்றுதான்: பாயைத் திண்ணையில் போட்டுக்கொள்வது. மனைவி வேறு ஏதோ நினைத்துக்கொள்வார். காரணம் சொல்லாத ஒதுங்கல் இரண்டு வருடம் நீண்டால், வளைவைவிட அதுதான் குடும்பத்தை வளைக்கும். இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஒருநாள் மனைவியின் கையைப் பிடித்து அந்தத் தடிப்பைத் தொட்டுக் காட்டினால் அரைவாசிச் சந்தேகம் அங்கேயே தீரும். உறவை நிறுத்தவேண்டும் என்று சட்டமில்லை. முழு விறைப்பு வராமல் அவசரப்படக் கூடாது, வறட்சி இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் தண்ணீர்த்தன்மையான வழுக்குக்களி போடவேண்டும், இருவரும் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளலாம். பெண் மேலிருக்கும் நிலையில் பாரம் முழுதும் விழுந்து உறுப்பு மடங்க வாய்ப்புக் கூட, ஆகவே அது கொஞ்சக் காலம் வேண்டாம். நொந்தால் நிறுத்த வேண்டும். தொடுவதும் தழுவுவதும் உறவில் சேர்ந்தவைதானே.

விறைப்புக் குறைவுக்கு 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் குளிசை இங்கும் உதவும். வளைவை அது நிமிர்த்தாது, உறுதியைத்தான் கூட்டும். ஒரு எச்சரிக்கை: நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே குளிசை வைப்பவர்கள், ஐசோசோபைட் போடுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிறஷர் அதலபாதாளத்துக்கு விழும். கூட்டாளி தந்தான் என்று வாங்கிப் போடுகிற சாமான் இல்லை இது.

இப்போது சயிக்கிள் கடைக்குத் திரும்பலாம். உண்மையாகவே ஒரு ரயர்க் கடைக்காரர் இந்தக் கதையில் வருகிறார். அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்ராவில் ரயர் தொழில் செய்துவந்த கெடிங்ஸ் ஒஸ்பன், தனக்கே விறைப்புக் குறைந்தபோது, 1960களில் தன் தொழிலில் பழகிய பம் வேலையைத் தலைகீழாக்கினார். காற்றை ஏற்றுவதற்குப் பதில் உறிஞ்சி எடுத்தார். இதே யோசனைக்கு 1917 இலேயே ஒட்டோ லெடரர் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தாலும், அதைப் புழங்கும் கருவியாக்கியவர் ஒஸ்பன்தான். 1982 இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. கருவி எளியது. ஒரு பக்கம் திறந்த பிளாஸ்ரிக் குழாய், மறுமுனையில் கைப்பம், நடுவே அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்துவிடும் ஒரு வால்வு. களி பூசிக் குழாயை உடம்போடு ஒட்ட வைத்து மெல்ல மெல்ல உறிஞ்சினால், வெற்றிடம் இரத்தத்தை உள்ளே இழுக்கிறது. நரம்பின் சைகை தேவையே இல்லை. அதனால்தான் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கும் இது பயன்படுகிறது. வன்னியில் போர் விட்டுப்போன அப்படிப்பட்ட இளைஞர்கள் இன்று குடும்பக்காரர்கள். உறவுக்கு என்றால் அடியில் ஒரு றப்பர் வளையத்தை ஏற்றிக் குழாயைக் கழற்றுவார்கள். வளையம் முப்பது நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

வளைவுக்குப் பயன்படுத்தும் விதம் வேறு. வளையம் கிடையாது, வெறும் இழுப்புத்தான். லண்டனில் 31 பேரை வைத்துச் செய்து 2010 இல் வெளிவந்த ஆய்வில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம், பன்னிரண்டு கிழமை. 21 பேருக்கு வளைவு 5 பாகையிலிருந்து 25 பாகை வரை குறைந்தது, மூன்று பேருக்குக் கூடியது. சின்ன ஆய்வு, பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. தினமும் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் உறுப்பை இழுத்து நிறுத்தும் சட்டக் கருவிகளுக்கும் சில நல்ல முடிவுகள் உண்டு. எதுவானாலும் வைத்தியர் சொல்லித்தான். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டி, சயிக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். சயிக்கிள் பம்மைத் திருப்பிப் பூட்டினால் இதுவும் வேலைசெய்யுமே என்ற எண்ணம் யாருக்காவது வரும். வேண்டாம். அழுத்தம் கட்டுப்படுத்தும் வால்வு இல்லாத பம் இரத்தநாளத்தை உடைத்து, புதுத் தழும்புக்கு வழிபண்ணும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

விற்றமின் ஈ குளிசை இதற்குப் பலகாலம் எழுதப்பட்டது. 2015 இல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதிர்வலைச் சிகிச்சை நோவைக் குறைக்கும், வளைவைத் தொடாது. தழும்பைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசிக்கு 2013 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெரிய ஆய்வில் அது சராசரியாக 17 பாகை குறைத்தது, வெறும் ஊசி போட்டவர்களுக்கே 9 பாகை குறைந்திருந்தது. 2020 இல் அந்த மருந்தை ஐரோப்பியச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லண்டனில் இருக்கும் மச்சானிடம் வாங்கி அனுப்பச் சொல்லிப் பயனில்லை.

சத்திரசிகிச்சை கடைசிப் படி. வருத்தம் தொடங்கி ஒரு வருடமாவது கழிந்து, வளைவு சில மாதங்கள் ஆடாமல் நின்ற பிறகுதான் கத்தி வைப்பார்கள். எளியது, தழும்புக்கு எதிர்ப்பக்கத்தைச் சுருக்கித் தைப்பது. தையற்காரர் ஒருபக்கம் இழுத்த சட்டைக்கு மறுபக்கம் பிடி பிடிக்கிற மாதிரி. நிமிரும், ஆனால் நீளம் கொஞ்சம் குறையும். இதைப் போகுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்கள் பிறகு மனம் நோகிறார்கள். வளைவு மிகப் பெரியதென்றால் தழும்பை வெட்டி வேறு திசுவால் ஒட்டுப் போடுவது. அதில் விறைப்புக் குறையும் ஆபத்துக் கூட. குளிசைக்கும் விறைப்பு வராதவர்களுக்கு உள்ளே வைக்கும் செயற்கை உருளைகள் உண்டு. விதைப்பையில் சின்னப் பம்மோடு 1973 இலிருந்தே இருக்கின்றன. விலைதான் சாதாரணமானதில்லை.

சரி, எங்கே போய்க் காட்டுவது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, காசு கேட்கமாட்டார்கள். வெளிநோயாளர் பிரிவிலிருந்து சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு எழுதுவார்கள், அங்கிருந்து தேவையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பலாம். வளைவைக் கிளினிக்கில் வைத்துக் காட்ட முடியாது என்பதால் வீட்டில் விறைப்பு இருக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. முகம் படவேண்டாம். படம் தானாக வேறு எங்கும் ஏறிவிடாதபடி தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கையில் எடுக்கிற தொலைபேசி அது. பிள்ளையின் கணிதக் கருவிப் பெட்டியில் இருக்கும் பாகைமானியைப் படத்தின்மேல் வைத்தால் கோணம் உங்களுக்கே தெரியும். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை அளந்தால் வளைவு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதும் தெரியும். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

வரிசையில் ஊர்க்காரர் முன்னுக்கும் பின்னுக்கும் நிற்கையில் இதை வாயால் சொல்வது கஷ்டம். ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள்: 'எட்டு மாதமாக விறைக்கும்போது வளைகிறது. மேல்பக்கம் தடிப்பு. முதலில் நோ, இப்போது இல்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன். படம் வைத்திருக்கிறேன்.'