கேபிளில் கோளாறு

ஒரு சமூகத்தைப் பற்றி ஊடகம் தப்பாகச் சொன்னால் அதைப் பிடித்துவிடலாம். வில்லனுக்கு என்ன பெயர் வைத்தார்கள், ரவுடி என்றதும் எந்தப் பேட்டையைக் காட்டினார்கள் என்று விரல் நீட்டிக் கேட்கலாம். காட்டாமலே விட்டதை எப்படிப் பிடிப்பது? அதற்கு, திரையில் காட்டுவதற்கு முந்திய கட்டத்துக்குப் போக வேண்டும். யாரைக் காட்டலாம், யாரை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அந்த அறை மாறாதவரை திரையில் தெரிவதும் மாறாது என்பது என் கட்சி. இதற்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் இயங்கிய ‘டபிள்யூஎல்பிடி’ என்ற தொலைக்காட்சி நிலையத்தின் கதை.

1953 இறுதியில் தொடங்கிய இந்த நிலையம் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமானது. என்பிசி என்ற பெரிய வலையமைப்பின் நிகழ்ச்சிகளை வாங்கி அந்த வட்டாரத்துக்கு ஒளிபரப்பியது. ஒளிபரப்பு எட்டும் பகுதியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். 1955இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் என்பிசியில் பேசத் தொடங்கினார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை அதற்கு முந்தைய ஆண்டுதான் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றிருந்தவர் அவர். ஜாக்சன் வீடுகளில் அவர் முகம் மறைந்து, ‘மன்னிக்கவும், கேபிளில் கோளாறு’ என்ற அட்டை வந்து நின்றது. கோளாறு எதுவும் இல்லை. நிலையத்தின் மேலாளர் ஃபிரெட் பியர்ட், இனப் பிரிவினையைக் காக்கவென்றே அமைந்த வெள்ளையர் சங்கத்தின் உறுப்பினர். நிகழ்ச்சியைத் தானே நிறுத்தியதாக அச்சங்கக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்.

தன் வீட்டுப் பெட்டியில் அந்த அட்டையைப் பார்த்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கறுப்பர்களைப் பற்றி இழிவான ஒரு சொல்லும் அன்று அதன் காதில் விழவில்லை. உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வெல்லும் கறுப்பு மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் அதற்குத் தெரியாமல் போயிற்று. சமையற்காரராக, தோட்டக்காரராக, பருத்தி பறிப்பவராகத் தான் நேரில் பார்க்கும் கறுப்பரே மொத்தச் சமூகம் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டினால் அது பிள்ளையின் குற்றம் ஆகாது. அவதூறு சொன்னால் அதை மறுக்கலாம், வழக்குப் போடலாம். இப்படி இல்லாமல் ஆக்குவதை மறுக்க பாதிக்கப்பட்டவர்களுக்கு வழி எதுவும் அன்று இல்லை. உடனே மறுக்க முடியாத இந்த வேலை, ஒரு சமூகத்தைப் பற்றிய எண்ணத்தை ஏச்சுப் பேச்சுகளைவிட ஆழமாக உருவாக்குகிறது.

1963 மே 20 அன்று, நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு, மனித உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸுக்கு அந்த நிலையத்தில் பேச நேரம் கிடைத்தது. நகரத்துக் கறுப்பர்கள் நிறைவாகவே வாழ்கிறார்கள் என்று மேயர் தொலைக்காட்சியில் பேசியதற்குப் பதில் சொல்லும் உரிமையாக அதை அவர் கேட்டு வாங்கினார். எந்தப் பூங்காவில் நுழைய முடியாது, எந்த உணவு மேசையில் உட்கார முடியாது, நகராட்சி வேலைகளில் எதற்கெல்லாம் கறுப்பர்களை எடுப்பதில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். மூன்று வாரம் கழித்து, ஜூன் 12 நள்ளிரவுக்குப் பிறகு, வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டார். தொலைக்காட்சியில் முகம் தெரிந்ததால்தான் கொன்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தலைக்குப் பல ஆண்டுகளாகவே குறி இருந்தது. ஆனால் ஒரு குடிமகன் தன் ஊர்த் தொலைக்காட்சியில் சில நிமிடம் பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை அந்த மூன்று வாரம் சொல்லும்.

அடுத்த ஆண்டு நிலையத்தின் உரிமம் புதுப்பிப்புக்கு வந்தது. ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல் தொடர்புப் பிரிவை நடத்திவந்த எவரெட் பார்க்கர், புதுப்பிக்கக் கூடாது என்று மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தில் மனுப் போட்டார். உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களான ஆரன் ஹென்றியும் பாதிரியார் ராபர்ட் எல்.டி. ஸ்மித்தும் உடன் நின்றார்கள். இவர்கள் ஆதாரம் திரட்டிய விதத்தை நம் ஊடக விமர்சகர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். 1964 மார்ச் முதல் வாரத்தில் வெள்ளையரான தன்னார்வலர்கள் சிலர், வெளியே தெரியாமல், அந்த நிலையத்தின் ஒளிபரப்பை நாள் முழுக்கப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார்கள். திரையில் கறுப்பு முகம் எத்தனை முறை வருகிறது, எதற்காக வருகிறது, எப்படி அழைக்கப்படுகிறது என்று எழுதினார்கள். வெள்ளையர் பெயருக்கு முன் திரு, திருமதி ஒட்டியது. கறுப்பர் என்றால் வயதில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் வெறும் பெயர்தான். அவன், அவர் என்ற வேற்றுமையில் ஒரு மனிதரின் நிலையையே தீர்மானித்துவிடும் மொழியைப் பேசும் நமக்கு இதன் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆணையம் 1965இல் மனுவைத் தள்ளியது. போட்டி நிலையம் நடத்துபவரோ, அலைவரிசையில் இடையூறு ஏற்பட்டவரோதான் உரிமத்தை எதிர்க்கலாம். வெறுமனே பார்க்கிறவருக்கு அந்தத் தகுதி கிடையாது என்றது. பணம் போட்டவருக்கு வாய் உண்டு, பார்த்து அவமானப்படுகிறவருக்கு இல்லை என்பதே இதன் பொருள். 1966 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி வாரன் பர்கர் இதைத் தலைகீழாக்கினார். ஒளிபரப்பு நடக்க வேண்டியது பொதுமக்களுக்காக என்றால், கேள்வி கேட்கும் தகுதி அந்தப் பொதுமக்களுக்கு இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார். ஆணையம் விசாரணை நடத்தி, மறுபடியும் நிலையத்துக்கே உரிமத்தைக் கொடுத்தது. 1969 ஜூனில், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பதவி ஏற்பதற்குச் சில நாள் முன்பு, பர்கர் அந்த உரிமத்தை ரத்துசெய்தார். பர்கர் முற்போக்காளர் அல்லர். ஜனாதிபதி நிக்சன் தேர்ந்தெடுத்த பழைமைவாதி.

1971இல் இடைக்கால நிர்வாகம் ஒன்று நிலையத்தை ஏற்றது. மறு ஆண்டு வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் பொது மேலாளரானார். செய்தி அறையிலும் கேமராவுக்குப் பின்னாலும் கறுப்பர்கள் வந்தார்கள். 1976இல், மிசிசிப்பியின் அதிகார அரசியலைப் பற்றி அந்த நிலையம் எடுத்த ஆவணப்படம், ஒளிபரப்புத் துறையின் பெருமதிப்புக்குரிய பீபடி விருதைப் பெற்றது. அதே நிலையம், அதே அலைவரிசை, அதே ஊர். மாறியது உள்ளே இருந்தவர்கள்.

நல்ல பத்திரிகையாளர் யாரைப் பற்றியும் நேர்மையாக எழுத முடியாதா, பிறப்பைப் பார்த்து வேலை கொடுப்பது தொழிலுக்கு இழுக்கு இல்லையா என்று சிலர் கேட்பார்கள். முடியும்தான். ஜாக்சனில் கண்காணித்துக் குறிப்பெழுதியவர்களே வெள்ளையர்கள். தனிமனிதரின் மனசாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு நிறுவனத்தை அதை மட்டும் நம்பி நடத்த முடியாது என்கிறேன். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தபோது ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு கறுப்பின நிருபரும் இல்லை. உள்ளே போய் வர ஆள் தேவைப்பட்டது. விளம்பரப் பிரிவில் சிப்பந்தியாக இருந்த 24 வயது ராபர்ட் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பின இளைஞரை அனுப்பினார்கள். தெருவோரத் தொலைபேசிக் கூண்டுகளிலிருந்து அவர் சொல்லச் சொல்ல அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்தச் செய்திகளுக்காக நாளிதழுக்கு 1966இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அத்தனை பெரிய நாளிதழ், தன் நகரத்திலேயே ஒரு பகுதியின் தெருக்களில் நடக்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது. ஓர் ஊரைத் தீப்பிடித்த பிறகே பார்க்கப் போகிறவர் கண்ணில் படுவது தீ மட்டும்தான். கலவரங்களை ஆராய ஜனாதிபதி ஜான்சன் அமைத்த கெர்னர் குழுவும் 1968இல் இதையே சொன்னது. டெட்ராய்ட் கலவரத்தின் சேதம் 50 கோடி டாலர் என்று முதலில் செய்தி பரவியது. பின்னர் கணக்குப் பார்த்தால் 4 கோடியிலிருந்து 4.5 கோடி டாலர். செய்தித் துறை ஆசிரியப் பணியாளர்களில் கறுப்பர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதே அறிக்கை பதிவு செய்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் அரசு அதை விமர்சகர்களின் வாயை அடைக்கத்தானே பயன்படுத்தும்? இந்த அச்சம் நியாயமானது. 2022இல் மலையாளத்தின் ‘மீடியா ஒன்’ அலைவரிசைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க ஒன்றிய அரசு மறுத்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் ஜாக்சன் வழக்கில் அரசு ஆணையம் யார் பக்கம் நின்றது என்று பார்க்க வேண்டும். கடைசிவரை நிலையத்தின் பக்கம். குடிமக்கள் வென்றது ஆணையத்தை எதிர்த்து, திறந்த நீதிமன்றத்தில், குறித்துவைத்த ஆதாரங்களைக் காட்டி. அமைச்சகம் மூடிய உறையில் முடிவெடுப்பதையும், பார்வையாளர் வெளிப்படையான விசாரணையில் கேள்வி கேட்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அலைவரிசை பொதுச்சொத்து என்று நம் உச்ச நீதிமன்றமே 1995இல் சொல்லியிருக்கிறது.

இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஊடகம்தானே, பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டுவானேன் என்பாரும் உண்டு. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென இதழ் நடத்துவது புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இலும், அயோத்திதாசர் 1907இலும் சென்னையில் இதழ் தொடங்கினார்கள். அம்பேத்கர் 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, திலகர் நிறுவிய ‘கேசரி’ காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிடவில்லை. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயது எம்மெட் டில்லின் சிதைந்த முகத்தை ‘ஜெட்’ என்ற கறுப்பின வார இதழ் அச்சிட்டது. வெள்ளையர் கையிலிருந்த பெரிய நாளிதழ்கள் அச்சிடவில்லை. சொந்த இதழ் தன் மக்களுக்குத் தெம்பு தருகிறது, அது இல்லாமல் எதுவும் தொடங்கியிருக்காது. ஆனால் அடுத்த தெருக்காரர் அதை வாங்கிப் படிப்பதில்லை. அவருடைய எண்ணத்தை உருவாக்குவது அவர் வீட்டுக்கு வரும் நாளிதழும் தொலைக்காட்சியும்தான். கைப்பேசித் திரையிலும் அவரவருக்குப் பிடித்ததே அவரவருக்கு வந்து சேர்கிறது.

இனி நம் நாட்டுச் செய்தி அறைகளைப் பார்ப்போம். 1996இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் டெல்லி நிருபராக இருந்த கென்னத் கூப்பர் ஒரு தலித் பத்திரிகையாளரிடம் கருத்துக் கேட்க விரும்பினார். கூப்பரே கறுப்பின அமெரிக்கர். பத்திரிகையாளர் பி.என். உனியால் அவருக்காகத் தேடினார்; ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தொழிலில் இருந்தும் இந்தக் கேள்வி தனக்கு எழவே இல்லையே என்ற அதிர்ச்சியில், அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை எடுத்துவைத்து உட்கார்ந்தார். 454 பேரின் பெயரில் சாதி ஒட்டியிருந்தது. அவர்களில் 240 பேர் பிராமணர்கள். மீதியில் 47 பேரை விசாரித்தார். தலித் ஒருவரும் இல்லை. பத்தாண்டு கழித்து, 2006இல், டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் 315 மூத்த பொறுப்பாளர்களைக் கணக்கெடுத்தபோதும் தலித்தோ ஆதிவாசியோ ஒருவர்கூட இல்லை. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வில், செய்தி அறைத் தலைமைப் பொறுப்புகள் 121இல் 106 உயர்சாதியினரிடம் இருந்தன; பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எதிலும் இல்லை.

அமெரிக்க நாளிதழ் ஆசிரியர்கள் சங்கம் 1978இல் செய்தி அறைகளைக் கணக்கெடுத்தபோது வெள்ளையர் அல்லாதோர் 4 விழுக்காடு. 2000ஆம் ஆண்டுக்குள் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கை எட்டுவோம் என்று சங்கம் இலக்கு வைத்தது. அந்த ஆண்டு எட்டியது 12 விழுக்காடுதான். பெருந்தோல்வி, ஆனால் ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டதால் தோற்றது வெளியே தெரிந்தது, 4 விழுக்காடு 12 ஆனதும் தெரிந்தது. இந்தியாவில் அப்படி எண்ணும் பழக்கமே இல்லை. இங்கே ஒளிபரப்பு அனுமதி பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நாளிதழ்களுக்கு அரசு விளம்பரப் பணம் போகிறது. இவ்விரண்டில் ஏதேனும் ஒன்றைக் கேட்கிற எந்த நிறுவனமும், தன் செய்தி அறையில் எந்தெந்தச் சமூகத்தார் எந்தெந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதை, ஆட்களின் பெயரைத் தவிர்த்து, எண்ணிக்கையாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். புதுப்பிக்கும்போது பார்வையாளர்கள் வந்து பேச ஒரு நாள் ஒதுக்க வேண்டும். எதைச் செய்தியாக்குவது என்று அரசு சொல்ல இதில் இடமில்லை. இதைச் செய்யப் புதிய ஆணையம் எதுவும் வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் ஒரு பக்கத்தைக் கூட்டினால் போதும்.