ஒரு குறியா, இரண்டு குறியா?

வீட்டுக் கணக்கு எழுத பெரிய புரோகிராம் எதுவும் தேவையில்லை. விண்டோஸுடன் வரும் கமாண்ட் பிராம்ப்ட் போதும். எங்கள் வீட்டுப் பால் கணக்கை நான் இதில்தான் வைத்திருக்கிறேன். நோட்பேடைத் திறப்பது, எழுதுவது, சேவ் செய்வது என்ற வேலையெல்லாம் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த வரியில் ஒரு குறி குறைந்தால் மொத்தக் கணக்கும் போய்விடும்.

ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ ஒன்று திறக்கும். அதில் இந்த வரியை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்:

எக்கோ %டேட்% பால் 2 >> கணக்கு.டிஎக்ஸ்டி

எக்கோ என்பது இ, சி, எச், ஓ என்ற நான்கு எழுத்துகள். கொடுத்ததை அப்படியே திரையில் காட்டுவது இதன் வேலை. >> குறி அதைத் திரைக்குப் பதிலாகப் பைலுக்கு அனுப்புகிறது. %டேட்% உள்ள இடத்தில் அன்றைய தேதி தானாக வரும். பைல் இல்லையென்றால் புதிதாக உருவாகும். இருந்தால் கடைசி வரிக்குக் கீழே புதிய வரி சேரும்.

இரண்டு குறிக்குப் பதிலாக > என ஒன்றை மட்டும் போட்டால்? பைல் முதலில் காலியாகும். பிறகுதான் புதிய வரி எழுதப்படும். "அழிக்கட்டுமா?" என்று விண்டோஸ் கேட்காது. ரீசைக்கிள் பின்னில் தேடியும் பயனில்லை. பைல் டெலீட் ஆகவில்லை. உள்ளே இருந்ததுதான் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் எட்டு மாதக் கடன் பாக்கியை இப்படித்தான் இழந்தார். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை வாங்கியவர்களிடமே கேட்டு எழுத வேண்டியதாயிற்று!

இன்னொரு எச்சரிக்கை. எண்ணுக்கும் >> குறிக்கும் நடுவே ஒரு இடம் விடுங்கள். 2>> என்று ஒட்டி டைப் செய்தால், அந்த 2 பிழைச் செய்திகளைத் திருப்பிவிடும் கட்டளையாகிவிடும். உங்கள் வரி திரையில் தெரியும், பைலில் சேராது.

தினமும் குறியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்றால் பேட்ச் பைல் இருக்கிறது. நோட்பேடில் மேலே உள்ள அதே வரியை, 2 என்பதற்குப் பதிலாக %1 எனப் போட்டு எழுதுங்கள். சேவ் செய்யும்போது ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பால்.பிஏடி என்று பெயர் கொடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் வரியின் தொடக்கத்தில் தெரியும் அதே போல்டரில் சேவ் ஆக வேண்டும். அதன் பிறகு, பால் 2 என்று டைப் செய்தாலே போதும். குறியில் கை தவற வழியே இல்லை.

1983-ல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 காலத்திலிருந்தே இந்தக் குறிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. நாளை பைத்தான் கற்றாலும் இதே பாடம்தான். பைலைத் திறக்கும்போது டபிள்யூ என்று கொடுத்தால் பழையது அழியும். ஏ என்று கொடுத்தால் கடைசியில் சேரும். எக்ஸ் என்று கொடுத்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே பைல் இருந்தால் எழுத மறுத்துவிடும்.

முதலில் தேவையில்லாத ஒரு பைலில் இரண்டு குறிகளையும் போட்டுப் பாருங்கள். கணக்குப் பைலுக்கு மாதம் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.