பின்னக் கணக்கு போடும் எக்ஸெல்

‘மீதியில் மூன்றில் ஒரு பங்கு’ என்று வரும் கணக்கைக் கண்டாலே பிள்ளைகள் முழிப்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது போட்டுத் தராதா? தரும். ஆனால் கணக்கைச் சரியாகப் படிப்பது நம் வேலை.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்குவார்கள். ஒரு பட்டறையில், வாங்கிய தோலில் கால் பங்கு ஷூவுக்குப் போனது. மீதியில் மூன்றில் ஒரு பங்கு பெல்ட்டுக்கு. இன்னும் 120 சதுர அடி இருக்கிறது. வாங்கியது எவ்வளவு?

இடறுவது ‘மீதியில்’ என்ற சொல்லில்தான். மொத்தத்தில் மூன்றில் ஒன்று என்று எடுத்தால் 288 வரும். உண்மையில், கால் போக மீதி முக்கால். அதில் மூன்றில் ஒன்று இன்னொரு கால். ஆக மிச்சம் அரை. விடை 240. தப்பான விடையை நம்பி அடுத்த முறை ஆர்டர் கொடுத்தால் 48 சதுர அடிக்குத் தண்டம்!

இப்போது எக்ஸெலில். ஏ1 செல்லில் உத்தேசமாக 100 என அடியுங்கள். ஏ2-வில் = அடித்து, ஏ1-ஐ கிளிக் செய்து, /4 சேர்த்து என்டர் தட்டுங்கள். இதே முறையில் ஏ3-இல் =(ஏ1-ஏ2)/3, ஏ4-இல் =ஏ1-ஏ2-ஏ3. ஏ4-இல் 50 தெரியும். நமக்கு வேண்டியது 120. டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். (எக்ஸெல் 2003-இல் இது டூல்ஸ் மெனுவில் இருந்தது, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் டூல்ஸ் மெனுவில்தான்.) செட் செல் ஏ4, டு வேல்யூ 120, பை சேஞ்சிங் செல் ஏ1. ஓகே கொடுத்தால் ஏ1-இல் 240 வந்து நிற்கும். சில கணக்குகளில் 239.9998 போல வரலாம். கோல் சீக் விடையை நெருங்கியதும் நின்றுவிடும். முழு எண்ணாக்கி ஏ1-இல் நீங்களே அடித்துச் சரிபாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. செல்லில் வெறுமனே 1/4 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். இந்தியத் தேதி அமைப்பில் ஏப்ரல் 1! உள்ளே இருப்பதோ ஒரு பெரிய எண். 2025 ஏப்ரல் 1 என்றால் 45748. அதால் பெருக்கினால் கணக்கு என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 0 அடித்து, ஒரு இடம் விட்டு, 1/4 அடியுங்கள். கால் காலாகவே இருக்கும்.